சட்டைக் கையில் மங்காத இடம்

1943 ஏப்ரல் 11, ஞாயிறு
டெஸ்ஸுக்கு மூன்றாம் நாளாக வயிற்று உப்புசம். நான்கு மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரலா? கல்லூரியில் படித்த எதுவும் உதவவில்லை. என் கணவன் ஆரின் முகாமிலிருந்து வந்தான், பூட்ஸோடு தூங்கிவிட்டான். எழுந்ததும் கேட்டேன், உங்கள் படை எப்போது கிளம்புகிறது என்று.

"ராணுவம் என்னைக் கேட்டா எதையும் செய்யுது?"

அதுவும் சரிதான். போன ஆகஸ்டில் காலாட்படை டிவிஷனை மைதானத்தில் நிறுத்தி, இரண்டாகப் பிரித்து, இனி நீங்கள் வானிலிருந்து இறங்கும் படை என்றார்கள். பாராசூட்காரர்களாவது தாங்களே கைதூக்கி வந்தவர்கள். இவனை யாரும் கேட்கவில்லை. கிளைடராம், என்ஜின் இல்லாத விமானம், அதில் ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 13
தூக்கம் இல்லை.

ஏப்ரல் 17
ஒரு சட்டையை மேசைமேல் போட்டான். "தோள்ல இருக்கிற டிவிஷன் சின்னத்தைப் பிரிச்சிரு. எல்லாருக்கும் உத்தரவு. போற வழியில நாங்க யாருன்னு தெரியக் கூடாதாம்."

அப்படியானால் கப்பல்தான், கடல் தாண்டிப் போருக்கு. இனி கேட்க ஒன்றுமில்லை.

பிரித்தேன். அடியில் துணி வெயில் படாமல் கருப்பாக, சின்னத்தின் அளவிலேயே சதுரமாக. யார் பார்த்தாலும் தெரியுமே. சோப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். போகவில்லை. பக்கத்து அறை வெர்னா அக்கா, சார்ஜென்ட் மனைவி, சிரித்தாள். "அடி பைத்தியமே, எட்டாயிரம் சட்டையிலும் அப்படித்தான் இருக்கு. ஜெர்மன்காரன் உன் புருஷன் கையைத்தான் உத்துப் பார்க்கப் போறானா?"

ஏப்ரல் 18
அக்கா சொன்னதைக் கேட்டிருக்கலாம். ப்ளீச்சில் ஊறவைத்தேன். இப்போது கருஞ்சதுரம் போய், பால் கொட்டினது போல வெள்ளைத் திட்டு. எட்டாயிரம் பேரில் இவன் மட்டும்— நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்? அழுதேன்.

"விடுடி. சினிமாக் கொட்டகையில போர்ச் செய்தி போடும்போது என்னைக் கண்டுபிடிக்க லேசு."

பிரித்த சின்னத்தை டெஸ்ஸின் பவுடர் டப்பாவில் போட்டேன்.

ஏப்ரல் 21
போய்விட்டார்கள்.

அக்டோபர் 3
மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. கொட்டகைக்குப் போனேன். தோள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் திட்டு இல்லை.

1944 ஜூன் 30
வெர்னா அக்காவுக்குத் தந்தி. சார்ஜென்ட் இனி வரமாட்டார். தந்திக்காரன் படியேறிய சத்தம் கேட்டபோது, என் கதவைத் தாண்டிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். தாண்டித்தான் போனான். இதை எழுதவே கூசுகிறது. அவளுக்குச் சூப் கொண்டுபோனேன். "நீ போய்த் தூங்கு, பொண்ணே" என்றாள்.

அக்டோபர் 9
எனக்கும் தந்தி. பிரிக்கக் கை வரவில்லை, அக்காதான் பிரித்தாள். காயம். காயம் மட்டும்.

1945 மார்ச் 4
ஆரின் வந்து ஆறு நாள். விமானம் தரையில் மோதியதில் இடது முழங்கால் இனி மடங்காது. வேறு யூனிட்டில், கிட்டங்கி வேலை. டெஸ் அவனை 'மாமா' என்கிறாள். புதுச் சட்டையை நீட்டினான்.

"பழைய சின்னம் இருக்கா? வலது தோள்ல தை. இடது, இப்ப இருக்கிற யூனிட்டுக்கு. வலது, கூடச் சண்டை போட்டுட்டு வந்த டிவிஷனுக்கு."

டப்பாவைத் திறந்தேன், பவுடர் வாசனை. நாலு தையலில் "போதும்" என்றான். நான் கேட்கவில்லை. சுற்றிலும் இன்னொரு முறை நெருக்கமாகத் தைத்தேன், யாராலும் பிரிக்க முடியாதபடி.