கோடை டீசல்

ஜனவரி 9, திங்கள்

காலையில் மைனஸ் இருபத்து நான்கு டிகிரி. என் கோல்ஃப் கார் மூன்றாவது முறைதான் கிளம்பியது. பாட்டரி தினமும் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறது. விடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுவதற்குள் விரல்கள் மரத்துவிடுகின்றன. எஞ்சினுக்கு அடியில் தகரத் தட்டில் தணல் வைத்துவிட்டுக் குந்தியிருந்தேன். பக்கத்து வீட்டு ஹம்தியா அண்ணன் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

“என்ன டாக்டரம்மா, ஒத்தடம் குடுக்கிறியா? மாட்டு வைத்தியம் கார் வரைக்கும் வந்தாச்சா?”

அவருடைய மெர்சிடிஸ் என் வண்டியைவிட இரண்டு வயது மூத்தது. அது கிளம்பும்போது விடுகிற புகையில் அவர் வீடே காணாமல் போகும். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு வயதில் முப்பத்தைந்து வருஷத்துக் காருக்குக் கீழே கிடக்கிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 11, புதன்

மைனஸ் இருபத்தாறு. ஒரு குதிரைக்குக் கால் வீக்கம், இரண்டு ஆடுகள். சாயங்காலம் தம்பி எக்ரெமின் டீசல் பங்கில் டாங்கை நிரப்பினேன். எனக்கு முன்னால் ஹம்தியா அண்ணனும் அங்கேதான் நிரப்பிக்கொண்டு நின்றார். குளிர் முற்றினால், உறையாமல் இருக்க டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பது என் வழக்கம். எக்ரெம் தடுத்துவிட்டான்.

“இது குளிர்கால டீசல் அக்கா. மைனஸ் முப்பதுன்னாலும் உறையாது. கண்டதைக் கலந்து எஞ்சினைக் கெடுத்துக்காதே.”

சரி என்று மண்ணெண்ணெய் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 12, வியாழன்

முனீராவின் மாடு செத்துவிட்டது. கன்றும்.

காலை ஆறரைக்கு அழைத்தாள். “டாக்டரம்மா, கால் மட்டும் வெளியே தெரியுது, தலை வரல. சீக்கிரம் வா.” வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. நான்கு கிலோமீட்டர் ஓடியது. அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு குலுக்கு குலுக்கி மேட்டின் நடுவில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினேன். பாட்டரி தீர்ந்ததுதான் மிச்சம். பெஷ்தெர் மேட்டில் அந்த நேரத்தில் எதிரே யார் வருவார்கள்? காற்று பனியை வாரி முகத்தில் அடித்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மீதி ஐந்து கிலோமீட்டர். சில இடங்களில் தொடை வரை பனி. ஒன்றே முக்கால் மணி நேரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கன்று உள்ளேயே செத்திருந்தது. தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கையை விட்டுத் திருப்பியிருப்பேன். எத்தனை கன்றைத் திருப்பியிருக்கிறேன்! பதற்றத்தில் முனீராவும் அவள் கொழுந்தனும் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். கருப்பை கிழிந்துவிட்டது. மதியத்துக்கு முன்னால் மாடும் போய்விட்டது.

மூன்று மாட்டுப் பாலில் சீஸ் போட்டு, பசார் நகரச் சந்தையில் விற்றுப் பிழைக்கிறவள். புருஷன் செத்து நாலு வருஷம். அவள் அழவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“எல்லாம் முடிஞ்சப்புறம் பையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறியே.”

“வண்டி நின்னுபோச்சு முனீரா.”

“அதை மாட்டுக்கிட்ட சொல்லு.”

திரும்பி நடந்து வந்து வண்டியைக் காலால் உதைத்தேன். கதவு நசுங்கிவிட்டது. நசுங்கட்டும்.

ஜனவரி 13, வெள்ளி

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து போட்டார்கள். டீசல் வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் இல்லை. மெழுகு. ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஆறவைத்தது போல வெள்ளையாக, கெட்டியாக. அடுப்புப் பக்கத்தில் வைத்ததும் உருகி மறுபடி டீசலாகிவிட்டது.

எக்ரெமுக்குப் போன் போட்டேன்.

“உன் வண்டி கிழம் அக்கா. அதை விட்டுட்டு டீசலைக் குறை சொல்றியே.”

ஹம்தியா அண்ணனின் மெர்சிடிஸும் இன்று காலை வாசலைத் தாண்டவில்லையாம். மாட்டுத் தொழுவத்துக்குள் தள்ளி, மாடுகளின் மூச்சுச் சூட்டில் அரை நாள் நிறுத்தியதும் கிளம்பிவிட்டது. “பம்ப்புதான் போயிருக்கும், பழசு இல்லையா” என்கிறார். பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வியாதி. எது நின்றாலும் சொந்த வண்டியைத்தான் திட்டுவார்கள். நேற்று நானும் அதைத்தானே செய்தேன்?

ஜனவரி 14, சனி

நேற்று சாயங்காலம் மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவினேன். ஒன்றில் என் டாங்கில் இருந்த டீசல். ஒன்றில் ஹம்தியா அண்ணன் டாங்கில் இருந்து குழாய் போட்டு உறிஞ்சியது. ஏன் என்று கேட்டார், சும்மா என்றேன். மூன்றாவதில், பசாருக்குப் போய் அங்கேயே டீசல் நிரப்பிவரும் பஸ் டிரைவரிடம் கேட்டு வாங்கியது. மூன்றையும் ஜன்னலுக்கு வெளியே வைத்தேன்.

இன்று காலை மைனஸ் இருபத்தெட்டு. பஸ்காரர் டீசல் தேன் நிறத்தில் ஆடுகிறது. மற்ற இரண்டும் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 15, ஞாயிறு

பாட்டிலைக் கொண்டுபோய் எக்ரெமின் மேஜை மேல் வைத்தேன். பார்த்தான். கவிழ்த்துக்கூடப் பார்க்காமல் அதைத் தள்ளிவைத்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

“எப்ப வாங்கின சரக்கு இது?”

“செப்டம்பர்ல.”

“செப்டம்பர்ல! கோடை டீசலைக் குளிர்கால டீசல்னு சொல்லி எனக்கே ஊத்துனியா?”

“தொட்டி நிறைய இருக்கு அக்கா. இங்க ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருது? தீர்ந்தாத்தானே புதுசு வாங்க முடியும். கொட்டிடவா சொல்றே?”

“மண்ணெண்ணெய் ஊத்தப் போனவளை ஏன்டா தடுத்தே?”

“நீ ஊத்தினா பக்கத்துல நிக்கிறவன் ஏன்னு கேப்பான். ஹம்தியா பாத்துட்டு நின்னாரு.”

அதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. மாடு, கன்று, முனீரா என்று கத்தியிருப்பேன். அவன் மனைவி ஹாய்ரியா உள்ளே இருந்து ஓடி வந்தாள்.

“வெளியே போர்டு வை. இது கோடை டீசல், குளிர்ல உறைஞ்சிடும், ஊத்தாதீங்கன்னு எழுதி வை.”

“வச்சா நாளைக்கே பங்கை மூட வேண்டியதுதான். ரெண்டு வாரம் பொறு அக்கா. குளிர் குறைஞ்சிடும், யாருக்கும் தெரியாது.” அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, “நான் உன் தம்பி. மறந்துட்டியா?”

மறக்கவில்லையே. அதனால்தானே டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 16, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 18, புதன்

போன் அடிக்கவே இல்லை. மூன்று நாளாக ஒருவரும் கூப்பிடவில்லை. இன்று ரொட்டி வாங்கப் போன இடத்தில் காரணம் தெரிந்தது. முனீராவின் கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்: டாக்டர் குளிருக்குப் பயந்து போர்த்திக்கொண்டு தூங்கினாள், விடிந்து நிதானமாக வந்தாள், வண்டி நின்றது என்பதெல்லாம் கதை. ஆட்டுக்குக் காய்ச்சல் வந்தவர்கள் பக்கத்து ஊர் சியெனிட்சாவில் இருந்து வேறு டாக்டரை அழைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரி என்னிடமே கேட்டாள், “பெட்ரோல் வண்டி வாங்கிக்கக் கூடாதா, டாக்டரம்மா? பொம்பளைக்கு இந்த டீசல் வண்டியெல்லாம் சரிப்படுமா?”

பதினெட்டு வருஷம். பதினெட்டுக் குளிர்காலம் இதே வண்டி, இதே ரோடு. ஒரு நாள் நின்றதும் பொம்பளை ஆகிவிட்டேன்.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால் என் பேர் தப்பிக்கும், எக்ரெம் தப்பிக்க மாட்டான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பங்கை விட்டால் வேறு எதுவும் இல்லை. இதையே சொல்லிச் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன். சீ!

ஜனவரி 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஹம்தியா அண்ணன் மெர்சிடிஸின் பின் சீட்டில் கம்பளி விரித்துக்கொண்டிருந்தார். மருமகள் அமேலாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மகன் ஸ்லொவேனியாவில் கட்டட வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மைனஸ் முப்பத்திரண்டு வரை போகும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

“பனி மூடினா ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டுலயே நின்னுடும். நான்தான் பசார் வரைக்கும் கொண்டுபோகணும். பம்ப் மாத்தியாச்சு, டாங்க் முக்கால்வாசி இருக்கு. இனி என்ன பயம்?”

முக்கால் டாங்க். எக்ரெமின் டீசல்.

அவர் கம்பளியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். மேட்டின் நடுவில் நான் நின்ற இடம் கண்முன் வந்தது. அங்கே பின் சீட்டில் அந்தப் பெண். நான்கு நாளாக இதை வாயில் வைத்துக்கொண்டு நான் தின்றேன், தூங்கினேன்.

“அண்ணே, அந்த டீசல்ல போகாதீங்க. அது கோடை டீசல். எக்ரெமுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.”

நம்பவில்லை. “அக்கா தம்பிக்குள்ள ஏதாவது சண்டையா?” என்றார். ஜன்னலில் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தார். பம்ப் மாற்றிய ரசீது அவர் சட்டைப் பையில்தான் இருந்திருக்க வேண்டும், கை தானாக அங்கே போனது.

வண்டியை மறுபடி தொழுவத்துக்குள் தள்ளி, டீசல் இளகியதும் சாயங்காலம் வரை இருவரும் சேர்ந்து டாங்கைக் காலி செய்தோம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சியதில் நாக்கெல்லாம் டீசல். பஸ்காரர் பசாரில் இருந்து நல்ல டீசல் இரண்டு கேன் கொண்டுவந்தார். வடிகட்டியும் புதிது. அதற்குள் விஷயம் காபிக் கடையைத் தாண்டிவிட்டது.

ஜனவரி 20, வெள்ளி

தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் நேரே பங்குக்குப் போயிருக்கிறார்கள். கல்லெறியவில்லை, அடிக்கவில்லை. வரிசையாக நின்று, பாட்டிலைக் கைமாற்றி, ஒவ்வொருவராகக் கவிழ்த்துப் பார்த்தார்களாம். எக்ரெம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றானாம்.

மதியம் வந்தான். உள்ளே வரவில்லை.

“என் பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டே. இனி எனக்கு அக்கா இல்லே.”

“அந்தப் பொண்ணு வழியில கிடந்திருந்தா என்னடா பண்ணியிருப்பே?”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். நானே போய் அவர் டாங்கைக் காலி பண்ணியிருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை வந்து சொன்னேன். பண்ணினியா?”

வாசற்படியில் துப்பிவிட்டுப் போனான். என் வாசற்படியில்! எழுத்து கோணலாகப் போகிறது.

ஜனவரி 22, ஞாயிறு

மைனஸ் முப்பத்து மூன்று. காலை ஏழுக்கு அமேலாவுக்கு வலி கண்டது. நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். கண்ணாடி உள்பக்கமும் உறைந்திருந்தது. ஹம்தியா அண்ணன் ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினார். அறுபது கிலோமீட்டரில் ஓர் இடத்திலும் வண்டி மூச்சுத் திணறவில்லை. அமேலாவோ வழி நெடுகத் திட்டினாள் — மாமனாரை, புருஷனை, குளிரை, கண்ணில் பட்ட ஒவ்வொரு பள்ளத்தையும். “நீ மாட்டு டாக்டர்தானே, என்னை ஏன் தொட்டுப் பாக்கிறே?” என்று என்னையும். நன்றாகத் திட்டினாள். கேட்கவே தெம்பாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பெண் குழந்தை.

ஜனவரி 27, வெள்ளி

முனீரா வந்தாள். மூன்று வாரம் கழித்து அவளுடைய இன்னொரு மாடு ஈனப்போகிறது. முன்கூட்டியே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். காபியைக் கையில் எடுத்தவள் குடிக்காமல் கீழே வைத்தாள்.

“உன் மேல தப்பில்லேன்னு ஊர்ல சொல்றாங்க. கொழுந்தனும் வாயை மூடிக்கிட்டான். ஆனா ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியுமாமே. வியாழக்கிழமைதானே வாயைத் திறந்தே?”

“ஆமா.”

“அந்த நாலு நாள்ல யாராவது ரோட்டுல விறைச்சுச் செத்திருந்தா?”

இத்தனை நாள் எல்லோர் மேலும் கோபப்பட்டேன் — எக்ரெம், கொழுந்தன், கடைக்காரி, வண்டி. இந்த நாலு நாளை யார் கணக்கில் சேர்ப்பது? கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். அதன் பிறகுதான் காபியைக் குடித்தாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

முனீராவின் மாடு ஈன்றது. கிடேரிக் கன்று. இரண்டும் நலம். என் தோள் கழன்று விழுகிறது.

மார்ச் 3, வெள்ளி

இரவெல்லாம் பனிப்புயல். காலை மைனஸ் பதினெட்டு. எட்டு மணிக்குப் போன். ஆறு வாரம் கழித்து எக்ரெமின் குரல்.

“டாக்டர், ஒரு ஆடு குட்டி போட முடியாம கிடக்கு. வர முடியுமா?”

டாக்டர். பிறந்ததில் இருந்து அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன்.

போனேன். பங்கு ஒரு மாதம் மூடிக் கிடந்துவிட்டு இப்போதுதான் திறந்திருக்கிறான். வாசலில் டயர்த் தடம் அதிகமில்லை. கொட்டிலில் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் என்றேன், எடுத்துக் கொடுத்தான். துணி என்றேன், கொடுத்தான். இரண்டு குட்டிகள். சின்னது மூச்சு விடாமல் கிடந்தது. வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவைத்தேன். அது கத்தியபோது அவனுக்குக் கண் கலங்கியதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹாய்ரியா தட்டோடு வந்தாள். “அண்ணி, காபி—”

“டாக்டருக்கு நேரமாச்சு” என்றான்.

எனக்கு ஒரு நேரமும் ஆகவில்லை. தட்டைத் தூக்கி அவன் மேல் எறியலாம் போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைவதற்குக் காத்திருந்தபோது பார்த்தேன். அவன் மேல்கோட்டுகூடப் போடாமல் வாசலில் வந்து நின்றான். கை இரண்டும் அக்குளில். முதல் முறை கிளம்பவில்லை. இரண்டாவதும் இல்லை. அவன் நகரவில்லை. மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. சீராக ஓடத் தொடங்கியதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.