ஒரே ஓட்டை விழுந்த பேட்ச்

மே 11
மழை விட்டதும் தம்பி வெண்டலோடு சுட்டுப் பழகும் மேட்டுக்குப் போய் .22 துப்பாக்கித் தோட்டாக்களைச் சோதித்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி டப்பா. தயாரித்த தொகுதி, அதான் பேட்ச், மாறினால் குணமே மாறிவிடுகிறது. நாலாவது பேட்சுக்குத்தான் என் துப்பாக்கி சொன்ன பேச்சு கேட்டது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வது அவன் வேலை. "அக்கா, முதல் குண்டு தெரியுது. மிச்சம் எங்கே போச்சு?" என்றான். அதே பேட்ச் அவன் துப்பாக்கியில் கோழி கிளறின மாதிரி சிதறியது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மே 14
கென்டக்கி மாநிலத் துப்பாக்கி சுடும் அணியில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரே இடம். வருடாவருடம் அது வெண்டலுக்கு. இந்த முறை எனக்கு வேண்டும். அவனிடமே சொல்லிவிட்டேன். தோட்டா விற்கும் கிளைட் கடையில் அந்த பேட்சில் மிச்சம் இருப்பதைத் தானே வாங்கி வருவதாகச் சொன்னான். தங்கமான பிள்ளை.

மே 15
தீர்ந்துவிட்டதாம். யாரோ முந்திக்கொண்டார்களாம்.

ஜூன் 22
அணித் தேர்வுப் போட்டியில் தோற்றேன். வேறு பேட்ச், ஓரத்துக்கே இழுத்தது. அவன் ஜெயித்தான். தோளில் கைபோட்டு, அடுத்த வருஷம் உனக்குத்தான் என்றான். மூக்கைச் சிந்துவதுபோல் அழுகையை மறைத்தேன்.

ஆகஸ்ட் 15
நாளை மறுநாள் அணில் வேட்டை தொடக்கம். வேட்டைத் தோட்டா வாங்கப் போனேன். கிளைட் கேட்டார்: "மே மாசம் உன் தம்பி அள்ளிட்டுப் போனதெல்லாம் தீர்ந்துபோச்சா? அக்காவுக்குன்னானே."

அக்காவுக்காம்.

அந்த பேட்ச் அவனுக்கு எதுக்கு? அவன் துப்பாக்கிக்கு ஆகவே ஆகாதே, நாந்தானே பக்கத்துல நின்னு பார்த்தேன். அவனுக்கு வேணும்னு எடுக்கலை. எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு — படுபாவி. கூடப்பிறந்தவன்டா நீ.

ஆகஸ்ட் 16
போய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

"அந்த இடமும் போயிட்டா எனக்குன்னு என்னக்கா இருக்கு?"

"நான் இருந்தேனேடா."

கட்டிலடியிலிருந்து டப்பாக்களை எடுத்து நீட்டினான். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். விட்டுக்கொடுக்க நான் என்ன ஏமாளியா?

ஆகஸ்ட் 17
விடியுமுன் வாசலில் அவன் வண்டி, வேட்டைக்கு எப்போதும்போல இரண்டு பேருக்குக் காபியோடு. கதவைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 8
மேட்டுக்குப் போய் அந்த பேட்சில் ஐந்து சுட்டேன். பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, ஈரப் புல்லில் இலக்கு வரைக்கும் நடந்தேன்.

ஒரே ஓட்டை.

திரும்பி நடந்தேன்.