நைனா, நீ திருப்பிக் கொடுத்த சான்றிதழ்

என்னைத் தோளில் உட்கார வைத்துக் கடல் காட்டிய என் நைனாவுக்கு,

நீ போய் நாலு வருஷமாகிறது. இத்தனை நாளும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தை அமாவாசையன்று கரையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது மனசுக்குள் இரண்டு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது உன் பெருமை பேச இல்லை. நேற்று உனக்கு ஒரு துரோகம் செய்துவிட்டு வந்தேன். அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் நல்ல சேதி. உன் பேத்தி கவிதா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். நம் வீட்டில் அந்த வகுப்பைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கவுன்சிலிங். இன்றைக்குப் புதன்கிழமை.

அவள் மார்க்குக்கு மீனவர் என்று சான்றிதழ் இருந்தால் இடம் உறுதி. இல்லையென்றால் பொதுப் பட்டியலில் போய் நிற்கணும், அங்கே அவள் பெயர் எங்கேயோ கடைசியில் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை கேட்டார்கள். நான்தான் அப்புறம் தருகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உன்னுடைய சான்றிதழும் என்னுடையதும் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, எடுத்துக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் அவளுக்கும் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்தால் இரண்டும் இல்லை. உன் மருமகள் வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். போகட்டும், ஆபீசில் நகல் இருக்கும் என்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா அரை நாள் தேடி ஒரு பழைய ஃபைலைக் கொண்டு வந்தார். தூசி தட்டிப் பிரித்து என் பக்கம் திருப்பினார். உன் கையெழுத்து. எங்கே கண்டாலும் தெரியும் எனக்கு, அந்தக் கோணல் கையெழுத்து.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ கொடுத்த மனு. நாங்கள் மீனவர் இல்லை, திரையர் வம்சம், இந்தக் கரையை ஆண்ட அரையர்களின் வாரிசு, ஆகவே என் பெயரிலும் என் மகன் பெயரிலும் உள்ள சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். பின்னால் இரண்டு சான்றிதழும் குண்டூசி குத்திக் கிடந்தன. இரண்டின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. ரத்து.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாயா நைனா? என் பெயரில் இருந்த காகிதத்தை என்னைக் கேட்காமல் எப்படி எடுத்துக்கொண்டு போனாய்? அந்த ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன். வரிசையில் இருந்தவர்கள் யாரைத் திட்டுகிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் தெரியாமல் ஒரு நாள் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் உன்னைப் பகட்டுக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ராஜா ஆசை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கரையோரம் ரோடு போடுவதற்கு அளவெடுக்க வந்தார்கள். குப்பத்து வீடுகளில் சுண்ணாம்பால் நம்பர் போட்டார்கள். அதில் ஒரு அதிகாரி, எந்த வருஷத்திலிருந்து ஆக்கிரமிப்பு என்று உன்னைக் கேட்டார். பாட்டன் காலத்திலிருந்து என்றாய். பாட்டன் காலத்துக்கு என்ன ஆதாரம் என்றார். நீ வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போய்விட்டாய். சாமி கும்பிட இல்லை. சுவரில் இருந்த கல்வெட்டைப் பார்க்க. ஃபவுண்டரியில் ஆறு நாள் இரும்பு உருக்கிவிட்டு ஏழாம் நாள் எழுத்தைப் படியெடுக்க அடுப்புக்கரியும் தாளுமாகப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாய். பழைய எழுத்து அட்டவணை ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, ஒரு வருஷம் போராடி, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாய். நம் கரையைச் சேர்ந்த ஓர் அரையன் சாமிக்கு விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்ததாக ஒரு கல்லில் இருந்தது. அவன்தான் நம் ஆள் என்று பிடித்துக்கொண்டாய்.

அந்த அரையனிலிருந்து மேலே ஏறினாய். சோழனுக்கு அடங்கி இருந்த சிற்றரசர்கள், அவர்களுக்கும் முன்னால் திரையர்கள், அதற்கும் முன்னால் அலை கொண்டு வந்து கரையில் போட்ட ஒரு இளவரசன். கீழேயும் இறங்கினாய். நீள நோட்டில் பெயர் பெயராக எழுதினாய். உறுதியாகத் தெரிந்த பெயருக்கு நீல மை, யூகத்துக்குச் சிவப்பு மை. நீலத்தில் நாலே நாலு பெயர்தான், உன் கொள்ளுத்தாத்தாவோடு அது முடிந்தது. மற்றதெல்லாம் சிவப்பு. நான் கேலி செய்தேன். நீ கோபப்படவில்லை.

"ராஜா கல்லுல எய்தி வச்சிட்டுப் போயிட்டான்டா. மீன் புடிக்கிறவன் தண்ணியிலதான் எய்தினான். எந்த ஆபீசரு தண்ணியில வந்து படிப்பான்?" என்றாய்.

 

இன்னொரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ராஜ வம்சம்னு சொல்லிகினு, இன்னொரு கையில பிற்பட்டவன்னு சீட்டு வச்சிகினு நின்னா எவன்டா நம்புவான்?" என்று கேட்டாய். சும்மா பேசுகிறாய் என்று நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாய். பொய் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். நீ கேட்ட வம்சத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை நைனா. நீ கொடுத்ததை மட்டும் உடனே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. கவிதாவின் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். முதலில் ஊர்த் தலைவரிடமிருந்து நீங்கள் மீனவர்தான் என்று கடிதம் வேண்டும். இரண்டாவதாக, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அப்பா புத்தி சரியில்லாதப்ப எழுதிட்டாருன்னு ஒரு வாக்குமூலம் கொடுங்க சார். ரெண்டு சாட்சி கையெழுத்தோட. அப்பதான் இந்த மனுவை ஒதுக்கி வச்சிட்டு நான் புதுசா எழுத முடியும்."

முதல் வேலையே எனக்குப் பயமாக இருந்தது. தலைவர் தேசப்பன் மாமாவை நீ என்னவெல்லாம் பேசியிருக்கிறாய். எல்லையம்மன் திருவிழாவில் முதல் மரியாதை அரையர் வம்சத்துக்குத்தான் வரணும் என்று நின்றாய். அவர் முடியாது என்றதும், ஊர் நடுவில் அவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, உங்கள் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள் என்று துண்டை உதறிவிட்டு வந்தாய். கல்யாணமான ஆம்பிளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் அவன் ஊர்க்காரன். நீ செத்தபோது அவர் வந்தார், மாலை போட்டார், என்னோடு பேசவில்லை.

நான் போய் நின்றபோது அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்ப் பட்டியல் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உன் பெயர் இருந்தது நைனா. அடிக்கவே இல்லை. நீ சண்டை போட்ட பிறகு மூன்று முறை பட்டியலைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள், மூன்றிலும் எல்லப்பன் என்று இருந்தது. உனக்குப் பக்கத்தில் இறந்துவிட்டார் என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதியிருந்தார். நீ அவர்களை விட்டுவிட்டாய், அவர்கள் உன்னை விடவில்லை. இது உனக்குத் தெரியுமா? அடுத்த திருவிழாவைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாயே, இது தெரிந்துதானா?

கடிதத்தை அவரே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம் நான். அந்த வாக்குமூலத்துக்கும் நீங்களே முதல் சாட்சியாகப் போடுங்கள் மாமா என்று நீட்டினேன்.

அதில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? புத்தி சரியில்லை என்று மொட்டையாக எழுதினால் போதாது, அவர் என்னென்ன செய்வார் என்று நாலு வரி வேண்டும் என்றிருந்தார் அந்த அம்மா. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கோயில் சுவரைத் தடவிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவார். செத்துப்போன ராஜாக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். சிவப்பு மையில் பெயர் பெயராக எழுதுவார். பேத்தியை இளவரசி என்று கூப்பிடுவார்.

எல்லாம் உண்மை நைனா. ஒரு வரிகூட நான் பொய் சொல்லவில்லை. உன்னிடம் எனக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தாளில் வைத்தேன். வைத்து முடித்தபோது அதில் ஒரு பைத்தியக்காரன் இருந்தான்.  அப்படியும் கையெழுத்துப் போட்டேன்.

தேசப்பன் மாமா முழுவதும் படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"மீனவன்னு எய்து, பத்து எடத்துல கையெய்த்து போடறேன். மெண்டல்னு எய்தினா என் கை வராதுபா. உங்க நைனா ஊர் நடுவுல வச்சு என்னைக் கேவலமா பேசினான். புத்தியோடதான் பேசினான்."

காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தினார், கையெழுத்து மட்டும் போடவில்லை. வேறு வழி இல்லாமல், என்னோடு ஹார்பரில் வேலை பார்க்கிற இரண்டு பேரை டீக்கடையில் பிடித்துப் போட வைத்தேன். இரண்டு பேரும் அதைப் படிக்கவே இல்லை. எங்கே போடணும் என்று கேட்டுவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்து, போட்டுக் கொடுத்தார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வாங்கி ஃபைலில் வைத்தார். நாளைக்கு, வியாழக்கிழமை மத்தியானம், தாசில்தார் கையெழுத்தானால் வாங்கிக்கொள்ளலாம் என்றார். கையெழுத்தானால் என்றுதான் சொன்னார். ஆகும் என்று சொல்லவில்லை. நாளைக்குத் தாசில்தார் வேறு எங்காவது போய்விட்டால்? இந்த வாக்குமூலம் போதாது, டாக்டர் சீட்டும் வேண்டும் என்று கேட்டால்? பெற்ற தகப்பனைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தும் அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் நான் எங்கே போவேன் நைனா? எந்தச் சுவரில் முட்டிக்கொள்வேன்?

 உன் மருமகள் பேசினால் எரிந்து விழுகிறேன். காலையிலிருந்து ரோட்டோரக் கருங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி வரிசை. நம் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான். ஆக்கிரமித்தது யார் என்று இனி அலையைத்தான் கேட்கணும்.

கவிதா அந்த வாக்குமூலத்தின் நகலைப் பார்த்துவிட்டாள். மறைத்துத்தான் வைத்திருந்தேன். எடுத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"தாத்தாவுக்கு நெஜமாவே அப்படி இருந்துச்சா நைனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு ஒரு தாத்தாவே இல்லாமல் போய்விடுவார். அவள் கையிலிருந்த நகலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

உன் ராஜாக்கள் நிஜமா என்று எனக்குத் தெரியாது. அந்த அரையனுக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற சிவப்புப் பெயர்களில் ஒன்றாவது உண்மையாக இருந்ததா என்றும் தெரியாது. அந்த ஜன்னல் முன்னால் நின்றபோது ஒன்று தெரிந்தது. நீ யார் என்று ஒருத்தன் கேட்டு, நீ சொல்வதை நம்பாமல் காகிதம் கேட்கும்போது மனுஷனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தது. நீ கோயில் சுவருக்கு ஓடினாய். நான் உன்மேல் ஏறி நின்றேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு வாக்கு கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கவிதாவுக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் திங்கட்கிழமையே அந்த ஆபீசுக்குப் போவேன். கிடைத்துவிட்டால், கவிதா படித்து முடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற அன்றைக்குப் போவேன். என் கையால் நானே ஒரு மனு எழுதிக் கொடுப்பேன். நாங்கள் மீனவர்தான், என் நைனா எல்லப்பன் கடைசி மூச்சு வரைக்கும் தெளிந்த புத்தியோடுதான் இருந்தார், இரண்டும் உண்மை, நான் முன்னால் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதுவேன். தேசப்பன் மாமா முதல் சாட்சியாகப் போடுவார். இந்தக் கடிதத்தையும் அன்றைக்கே எங்கள் ஹார்பர் தொழிலாளர் சங்கப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுப்பேன். அதை என் மகள் கையில் கொடுத்து, நீ கேட்டதற்குப் பதில் இதுதான் என்பேன்.

என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன் நைனா. நாளைக்கு மத்தியானம் அந்தக் கையெழுத்து மட்டும் ஆகட்டும்.

இப்படிக்கு,
நல்ல புத்தியோடு வாழ்ந்து செத்த எல்லப்பனின் மகன்,
சேகர்