சடை ரப்பர்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

வணக்கம். இருவரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை.

உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இது கிடைக்கும். போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் அழைத்தால் குட்டிதான் முதலில் ஓடி எடுக்கிறாள். பிறகு என் தோளை விட்டு நகர்வதில்லை.

போன மாதம் ஒரு படம் அனுப்பினேனே, அவளுடைய முன்பற்கள் இரண்டும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்ற படம். "எப்படிடி மூடுச்சு?" என்று கேட்டீர்கள். தானாகத்தான் என்றேன். பொய்.

அதற்கு முன்பே, இடைவெளியைக் காட்டப் போன அன்றே, பல் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கம்பி போடலாம். பல் நிறத்துப் பூச்சால் இடைவெளியை அடைக்கலாம். வளர்ந்த பிறகு உறை மாட்டலாம். "ஆனா பத்து வயசுல எதுவும் வேணாம்மா. கோரைப்பல் இறங்கட்டும், பாதி தானா மூடிக்கும். ரெண்டு வருஷம் பொறுங்க" என்றார். மருந்துக்கடையில் நிற்பவள் நான். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள் என்று தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன்.

வகுப்பில் ஒருத்தி, "வாய்க்கதவச் சாத்துடி, காத்து வருது" என்றாளாம். இவளும் சேர்ந்து சிரித்தாளாம். அன்றிலிருந்து வாயைத் திறந்து சிரிக்கவில்லை. ஒருநாள் ஒரு வீடியோவைக் காட்டினாள். சடை நுனியில் போடும் பொடி ரப்பர். இரண்டு பற்களையும் சுற்றி மாட்டினால் போதுமாம். "நாலு நாள்தாம்மா, ப்ளீஸ்மா."

நான்தான் மாட்டிவிட்டேன். கண்ணாடி முன்னால். என் கையால்.

நான்கே நாளில் மூடியது. இருவரும் குதித்தோம். ஐந்தாம் நாள் காலை ரப்பரைக் காணோம். தூக்கத்தில் விழுங்கியிருப்பாள் என்று நினைத்தேன். "வயித்துல ரப்பர் மரம் முளைக்குமாம்மா?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தோம்.

அது ஈறுக்குள் ஏறியிருந்தது. வேர் மேலே போகப் போகக் குறுகுமாம். ரப்பர் அதன் வழியே வழுக்கி ஏறி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைத்துவிடுமாம். மூன்று வாரம் கழித்து ஈறு வீங்கியது. ஆப்பிளைக் கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பற்களும் ஆடின.

ஈறைக் கீறி எடுத்து, சின்னத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஊதா நிறம். நான் வாங்கியதுதான். "நல்லா இருந்த பல்லும்மா" என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறது. மூன்று மாதம் பார்க்க வேண்டும். நிற்கலாம். விழலாம். விழுந்தால் கழற்றி மாட்டும் பல். வளர்ந்து முடிந்த பிறகு எலும்பில் பதிக்கும் பல். அதே நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடியும் என்னென்ன வழி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை இரண்டு பல் அகல இடைவெளிக்கு.

தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். தொடக் கூடாது. "ஆடுதாம்மா?" என்கிறாள். இல்லை என்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். சிரிக்கும்போது நீங்கள் கையால் வாயை மூடிக்கொள்வீர்கள். நம் கல்யாணப் படத்திலும் அப்படித்தான். அந்த இடைவெளி அவளுக்கு உங்களிடமிருந்து வந்தது. நேற்று ஏதோ சொன்னேன், சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அதே கை. அதே விரல்கள்.

என்னை என்ன கேட்க வேண்டுமோ பிறகு கேளுங்கள். கரை தொட்டதும் வீடியோவில் அழையுங்கள். அவள்தான் எடுப்பாள். எதையாவது சொல்லிச் சிரியுங்கள். கையை மட்டும் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் பத்திரமாக இருங்கள்.

உங்கள்
குட்டியின் அம்மா