மருத்துவக் குழுவின் கதவுக்கு வெளியே

சட்டைப் பொத்தான் ஐந்து: ஏழு நிமிடம் நாற்பது விநாடி, மூன்றாவது பொத்தானில் விரல் நடுங்கியது. படி நான்கு: இரண்டு நிமிடம் பத்து விநாடி, சுவரைப் பிடிக்காமல் முடியவில்லை. டம்ளர் தண்ணீர்: இரண்டு கையாலும், பாதி சிந்தியது.

என் கையெழுத்துதான். பாலிடெக்னிக்கில் மின் ஆய்வகத்துக்காக வாங்கிய அப்சர்வேஷன் நோட்டு. முதலில் மோட்டார்கள் இருக்கின்றன, நடுவில் நீ இருக்கிறாய், கடைசியில் காலிப் பக்கங்கள். உங்கம்மாவைப் பற்றி எழுத ஏதாவது நோட்டு கிடைக்குமா என்று போன மாதம் அலமாரியைக் கலைத்தபோது கையில் சிக்கியது. அந்தக் காலிப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். மருத்துவமனை வராந்தா. உள்ளே உங்கம்மா, வெளியே நான். மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டேன். நான்காவது தடவை எழுந்தபோது காவலாளி, "தம்பி, உக்காரு. நீ நடந்தா உள்ள சீக்கிரம் முடியுமா?" என்றார். அதனால் எழுதுகிறேன். கடிதமெல்லாம் எனக்கு வராது. நான் தொழிற்சாலையில் மெஷின் நின்றால் பிரேக்டவுன் ரிப்போர்ட் எழுதுகிறவன். பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன அடுத்த வருடம் உங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் நடக்கிறார். கை திரும்பி வரவில்லை. காலை நேரத்து இடியாப்ப வியாபாரம் பெயருக்கு நடக்கிறது. தெருவில் பழகியவர்கள் விட்டுக்கொடுக்காமல் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். இன்று மருத்துவக் குழு பார்த்து ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும். நாற்பதோ அதற்கு மேலோ வந்தால் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். முப்பத்தெட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம். உங்கம்மா எதைக் கேட்டாலும் "அதெல்லாம் முடியும்ப்பா" என்கிறவர். அதுதான் என் பயம். உனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

உன்னை இதற்குத் தயார் செய்ததும் நான்தான். நாம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது உனக்குத் தசை கரைகிற நோய் என்று பெயர் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட ஹாலில் ஊனச் சான்றிதழ் முகாம் என்று அறிவிப்பு வந்தது. நான் உடனே களத்தில் இறங்கினேன். ஒரு மோட்டாரைச் சோதிக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம், லோடு கொடுத்து ரீடிங் எடுப்போம். அதையே செய்தேன். போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குள் உன் பின்னாலேயே நடந்தேன். பொத்தான் போடு, எழுந்திரு, குடி, ஏறு. நீயும் முதலில் சிரித்துக்கொண்டுதான் செய்தாய். "முடிச்சதும் முதுகுல நேம் பிளேட் ஒட்டிடுடா, இத்தனை வோல்ட்டு, இத்தனை ஆர்.பி.எம்.னு" என்றாய். நான் சிரிக்கவில்லை, ரீடிங் தப்பிவிடும் என்று கையைக் காட்டி உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நோட்டை வாங்கிப் படித்தாய். ஒரு பக்கம் விடாமல். படித்துவிட்டு, "ஒண்ணொண்ணா பண்றப்ப தெரியலடா. சேத்து எழுதிப் பாத்தா வேற எவனோ மாதிரி இருக்கு" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிடு, வேலை முடிஞ்சிடும்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

முகாம் அன்று உன்னை பைக்கில் பின்னால் உட்கார வைத்து, நீ சரியாமலிருக்கத் துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். அது நம் வழக்கம். அரசலாற்றுப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போனாலும் அப்படித்தான் போவோம். ஹாலில் வரிசையாக நாற்காலிகள். நம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் மனு எழுதிக் கொடுக்க உதவிக்கு வந்திருந்தார்கள். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ தலைமுடியைக் கோதிக்கொண்டாய். கோத முடிகிறது என்று அப்போதும் நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகத்தான் கேட்டார். படி ஏற முடியுமா? "முடியும் சார்." சட்டை நீங்களே போட்டுக்கொள்ள முடியுமா? "முடியும் சார்." சாப்பிட? "முடியும் சார்." எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. நான்கு நாள் ரீடிங் எடுத்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், இவன் எல்லாவற்றுக்கும் முடியும் என்கிறான்.

"பொய் சொல்றான் சார்" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "இவனால கக்கூஸுக்குக்கூடத் தனியா போக முடியாது. நான் எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. அந்தப் பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்து, எழுதி முடித்த மனுவையே மறுபடி எழுதுவது போல் பேனாவை நகர்த்திக்கொண்டிருந்தாள். டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார், பிறகு உன்னைச் சோதித்தார். சான்றிதழ் வந்தது. தேவைக்கு மேலேயே சதவீதம் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

வெளியே வந்து துண்டை எடுத்தேன். "வேணாம்" என்றாய். அந்தப் பலமில்லாத கைகளால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நடக்கிறவன் முந்திப் போகிற வேகத்தில் உன் வீடு வரை ஓட்டினேன். வழியெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். பதினைந்து நாள் நீ என்னோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் நீயே கூப்பிட்டாய். மிக்ஸி ஓடவில்லை, வந்து பார் என்றாய். அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "முடியுமான்னு கேட்டா முடியும்னுதான்டா வாயில வரும். எப்படிப் பண்றேன்னு கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்." நான் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்றேன். தப்புதான்டா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நொடி வேலை. சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாய், அப்போதும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். முடிந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆகவே இந்தத் தடவை ஸ்டாப்வாட்சைத் தொடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் ஊர் நெடுங்காட்டிலிருந்து வந்து உங்கம்மாவிடம் உட்கார்ந்து, எப்படி என்று மட்டும் கேட்டேன். எப்படிக் குளிக்கிறீங்க, எப்படிச் சாப்பிடுறீங்க. நீ சொன்னது சரிதான். முடியுமா என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். எப்படி என்றதும் கொட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறையில் போட்டு, வாளியில் கால்வாசிதான் பிடித்து, நான்கு தடவை பிடிப்பாராம். இடியாப்ப அச்சை முழங்கால் இடுக்கில் கவ்விக்கொண்டு இடது கையால் திருகுவாராம். பாதியில் முழங்கால் நழுவினால் மாவு நைட்டியில்தான். "அன்னிக்கு நைட்டிக்கு நல்ல இடியாப்பம்" என்று அவரே சிரித்தார். சட்னிக்குத் தேங்காய் உடைக்க எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட வெட்கப்பட்டு, ஒரு வாரமாகத் தேங்காய் இல்லாமல் அரைத்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியாது. நான் வேறொரு நோட்டில் எழுதினேன், அவர் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டு. பிடிக்காததை அடிக்கச் சொன்னார். இரண்டு வரி அடித்தேன். என்ன வரி என்று உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

சண்டையும் நடந்தது. வீட்டில் நைட்டிதான் போட்டுக்கொள்கிறார், புடவை கட்ட முடியாது. இன்றைக்கும் அப்படியே வாங்க என்றேன். "பெரிய டாக்டருங்க முன்னால நைட்டியோட நிக்கவா? ஒனக்கு மூளை மெஷினுக்கு மட்டும்தான் வேலை செய்யும்" என்று விட்டார் ஒரு டோஸ். கடைசியில் சமரசம்: கோயிலுக்குக் கட்டுகிற புடவையே கட்டலாம், ஆனால் யார் கட்டிவிட்டது, எத்தனை ஊக்கு குத்தியது, எவ்வளவு நேரம் ஆனது என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் நன்றாக மண்டையில் ஏற்றினேன். வீட்டில் கவனித்துக்கொள்ள யார் என்று கேட்டால், யாரும் இல்லை, தனியாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது உண்மை. மூன்று தடவை கேட்டு மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு, பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். உங்கம்மா ஊன்றுகோலை என் முன்னால் குறுக்கே நீட்டினார். "நீ இங்கயே இரு தம்பி. உள்ள வந்தா அன்னிக்கு மாதிரி எதையாவது பேசிடுவே."

அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய். ஊர் சொல்லியிருக்கும். இத்தனை வருடம் தெரிந்தே எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. உங்கம்மாவுக்கு முன்னால் உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அதிக நேரம் ஆனால் நல்லதா கெட்டதா? மேலே ஃபேன் முக்கி முக்கிச் சுற்றுகிறது, கெப்பாசிட்டர் போயிருக்கிறது. ஏணி கிடைத்தால் மாற்றிவிடுவேன். உள்ளே இப்போது என்ன கேட்கிறார்கள்? எப்படி என்று கேட்கிறார்களா, முடியுமா என்று கேட்கிறார்களா? கதவு திறக்கிறது.

அன்று அத்தோடு விட்டுவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன், பன்னிரண்டு நாள் கழித்து.

உங்கம்மா வெளியே வந்ததும் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நா கேக்கல. அந்த டாக்டரம்மா பாவம், காலையிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல" என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. படியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். குளியலைச் சொன்னீங்களா? சொன்னார். இடியாப்பம்? செய்து காட்டியே விட்டாராம், அச்சு இல்லாமலே, முழங்காலைச் சேர்த்து வைத்து. டாக்டர் புடவையில் குத்திய ஊக்குகளைக்கூட எண்ணினாராம். நான் மூச்சு விட்டேன்.

"வீட்ல யாரு இருக்கான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"மவன் இருக்கான், வெளியில நிக்கிறான்னு சொன்னேன்."

கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேனே என்று ஆரம்பித்தேன். அவர் புடவை மடிப்பைச் சரி செய்தபடி, "வேற என்னத்த சொல்ல? அவங்க கேட்டப்ப கதவு இடுக்குல ஒன் காலுதான் தெரிஞ்சுது" என்றார். பிறகு மருந்துச் சீட்டை நீட்டினார். புதன்கிழமை தோறும் கைக்குப் பயிற்சி தர வரச் சொல்லி எழுதியிருந்தது. கூட்டிவரத்தான் பையன் இருக்கிறானே என்றாராம் டாக்டர்.

நேற்று முன்தினம் சான்றிதழ் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து. உதவித்தொகை மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அது ஓடட்டும், பின்னாலேயே நடந்து முடித்துவிடுவேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதை உங்கம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், அன்றைக்கு முகாமில் பேசியது தப்பும்மா என்று. மாவு பிசைந்துகொண்டே, "ம்" என்றார். மாவை அச்சில் அடைத்துவிட்டு, "அவன் ஒன்னய அதுக்கப்புறமும் கூப்புட்டான்ல?" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதில் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று இன்னும் அளந்து பார்க்கவில்லை.

இன்று காலை தொழிற்சாலையில் புதன்கிழமை ஷிஃப்டை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், தாயார் உடல்நிலை என்று எழுதினேன். கை தானாக எழுதியது. எங்கள் சூப்பர்வைசரும் நெடுங்காட்டுக்காரர்தான். தாளைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஒங்கம்மாவ நேத்து நடவு வயல்ல பாத்தேனடா. என்னயே வெரட்டுச்சு வரப்ப மிதிக்காதேன்னு. அதுக்கு என்னா ஒடம்புக்கு?"

"அவங்க இல்லைங்க சார்" என்றேன். "டவுன்ல ஒருத்தங்க இருக்காங்க."