தோல் அட்டை போட்ட மூன்று புத்தகங்கள்

அக்கா,

வேலை முடிந்து வந்து பையைத் திறந்தேன். ஷூ ஒட்டுகிற சொல்யூஷனும் தோலும் கலந்த அந்த வாசனை. நாள் முழுக்க ஃபேக்டரியில் மூக்கில் ஏறுகிற அதே வாசனைதான். உன் புத்தகங்களிலிருந்து வரும்போது மட்டும் தலை வலிப்பதில்லை.

ஒரே கவிஞரின் ஆரம்பகாலத் தொகுப்புகள். மூன்றும் முதல் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி நீ சேர்த்தவை. அவர் வேலூருக்குப் பேச வந்தபோது பக்கத்து மெஷின்காரியான என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எட்டாவதோடு நின்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது என்கிட்டயே இல்லம்மா" என்று அவர் சிரித்தார்.

அட்டைகள் நைந்திருந்தன. அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஃபேக்டரியில் மிச்சம் விழுந்த கறுப்புத் தோலை வெட்டி ஒட்டினாய். நான் ஓரம் மடித்துக் கொடுத்தேன். ஷூ தைக்கிறவர்களுக்கு, பிடித்த பொருள் எதுவானாலும் தோல் போர்த்தத்தான் தோன்றும். சாப்பாட்டு நேரத்தில் நீ எனக்குப் படித்துக் காட்டுவதைப் பார்த்து சூப்பர்வைசர், "இன்னா, பைபிள் கிளாஸா?" என்றார். "ஆமா சார், பாவம் செஞ்சவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. நீங்களும் வந்து உக்காருங்க" என்றாய்.

ஜுரம் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. உன் அண்ணன் புத்தகங்களை விற்க, முதல் பதிப்புகள் சேர்க்கிற ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். எடுத்துக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். 'குடுக்காதீங்கண்ணா' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் மூன்றையும் எடுத்து நீட்டினேன்.

வந்தவர் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பினார்.

"பழைய அட்டை எங்கம்மா?"

"கிழிச்சிட்டோம் சார்."

"முதல் பதிப்புக்கு அட்டைதாம்மா உயிரு. எனக்கு வேணாம்."

அவர் போனதும் அண்ணன், "இன்னா பாப்பா, இப்டி பண்ணி வெச்சிருக்கீங்க? நீயே எடுத்துக்கினு போ" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது அக்கா.

உன் மெஷினில் இப்போது வேறொருத்தி தைக்கிறாள். பஸ்ஸில் எனக்குப் படிக்கத் தெம்பில்லை. புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுகிறேன். இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பைபிளா பாப்பா?" என்று கேட்டார். உன்னைப்போல் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "கவிதை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.