பலூனுக்கு மசியாத சுண்ணாம்பு

என் தொணதொணப்பையெல்லாம் பொறுத்த அருமை அண்ணாவுக்கு,

உங்களைக் கொண்டுபோன அதே நெஞ்சு வருத்தம் எனக்கும் வந்தது. பயப்படாதேங்கோ, ஒட்டுசுட்டான் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன்.

"இதயத்து இரத்தக்குழாயில சுண்ணாம்பு படிஞ்சு, கல்லாய் இறுகிப் போச்சு அம்மா" என்றார் கொழும்பு டொக்டர். உங்களுக்குச் சொன்ன அதே கதை. அன்று அடைப்பைத் திறக்க உங்கள் குழாய்க்குள் விட்ட பலூன் விரியவில்லை. குழாயைத் திறந்தபடி தாங்கும் ஸ்டென்ட் வைக்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் ஒப்பரேசனுக்கு நாள் வருமுன்னே போய்விட்டீர்கள். எனக்கும் அதே கதிதானோ என்று நினைத்தேன்.

"இப்ப சத்த அலையால அதை உடைக்கலாம். சிறுநீரகக் கல் உடைக்கிற மாதிரித்தான்" என்றார். அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. சத்தம் எனக்குக் கேட்குமோ? கல்லை உடைக்கிற அலை குழாயை ஏன் கிழிக்காது?

"மெத்தென்ற குழாய் அசைஞ்சு குடுக்கும். கல் அசையாது, அதுதான் வெடிக்குது."

யோசித்துப் பாருங்கோ அண்ணா, என்ன கெட்டித்தனம்!

இன்னொன்றும் கேட்டேன். "வெத்திலைச் சுண்ணாம்பாலயோ டொக்டர் இது வாறது?" அவர் சிரித்துவிட்டார். "குழாயில படியிறது அந்தச் சுண்ணாம்பு இல்லை அம்மா."

எனக்கு முகம் செத்துப்போனது. உங்கள் சுண்ணாம்பு டப்பியைப் பறித்து ஒளித்தவள் நான்தானே. தண்ணீர் கொதிக்கும் கேத்தலுக்குள் வெள்ளை படிகிறது என்று கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடிக்க விடவில்லை. கடைசி மாதங்களில் வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு என்னை முறைத்தீர்களே. மன்னியுங்கோ அண்ணா. எனக்குத் தெரியாது.

மணிக்கட்டு வழியாக இதயத்துக்குக் கம்பி விட்டார்கள். முழிப்பாகவே கிடந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. அது அலையோ, என் பயமோ?

"பலூன் விரிஞ்சிட்டுது அம்மா."

உங்களுக்கு விரியாதது எனக்கு விரிந்துவிட்டது. விம்மி அழுதேன்.

"ஏனம்மா, நோகுதோ?"

"இல்லை டொக்டர். அண்ணாவுக்கும் இதைச் செய்திருக்கலாமோ?"

"அப்ப எங்களிட்ட இது இல்லை அம்மா."

வருகிற தை மாதம், நீங்கள் போன வயதை நான் தாண்டுகிறேன். அதன் பிறகு விடியும் ஒவ்வொரு நாளும் நீங்கள் காணாத வயது. மாத்திரையைத் தவறவிடாமல் போட்டு, உங்களுக்கும் சேர்த்து அதை வாழ்ந்து பார்ப்பேன். சத்தியம்.

உங்களைவிட மூத்தவளாகப்போகும்
உங்கள் தங்கச்சி